போட்டோஷாப் இல்லாமல் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும்: பட்ட பாடும் கண்டுபிடித்த வழிகளும்

சாத்தூரில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் டிசைன் பண்ணிக் கொடுக்கிறேன். ஃப்ளெக்ஸ் உள்ளூரிலேயே அடித்துவிடுவோம், பத்திரிகை சிவகாசிக்குப் போகும். கம்ப்யூட்டர் வாங்கியபோது கடைக்காரர், "எல்லாம் சேர்த்தே போட்டுத் தர்றேன் அக்கா" என்று போட்டோஷாப், கோரல்டிரா இரண்டையும் ஏற்றிக் கொடுத்தார். இந்தப் பக்கம் டிடிபி வேலை பார்க்கிற பலருக்கும் கம்ப்யூட்டர் இப்படித்தான் வந்து சேர்கிறது. ஆவணி முகூர்த்த வேலைகள் குவிந்து கிடந்த நேரத்தில் போட்டோஷாப் திறக்க மறுத்தது. அதே கடையிலிருந்து ஒரு பையனை அனுப்பினார்கள். அவர் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்த கிராக் (காசு கட்டாமல் மென்பொருளைத் திறக்கவைக்கும் நிரல்) ஒன்றை ஓட்டினார். போட்டோஷாப் திறந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவுமே திறக்கவில்லை. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ என்று ஒரு குறிப்பு: ஃபைல்களைத் திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர்.

அன்றைக்கு நான் அழுத அழுகையை மறைக்க விரும்பவில்லை. பாதி முடித்த பத்திரிகைகள், பழைய வாடிக்கையாளர்களின் பிஎஸ்டி ஃபைல்கள் (பிறகும் திருத்தக்கூடிய போட்டோஷாப் ஃபைல்கள்), நானே வெட்டிச் சேர்த்து வைத்திருந்த மாலை, குத்துவிளக்கு, வாழைமரப் படங்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. பேக்கப் எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கும் அப்போது கம்ப்யூட்டரில்தான் செருகியிருந்தது, அதுவும் போயிற்று. டேட்டா மீட்டுத் தருகிறோம் என்று மதுரையில் ஒரு இடத்தில் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்து முடியவில்லை என்று கைவிரித்தார்கள். முன்பணம் வாங்கிய வேலைகளில் சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தேன். கை நழுவிய வேலைகளையும் சேர்த்தால் அந்த சீசனில் 30,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். யாரிடம் கேட்பது, எங்கே போவது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இதே நிலையில் இப்போது நீங்கள் இருந்தால், முதலில் பணம் அனுப்பாதீர்கள். என் கம்ப்யூட்டரில் புகுந்தது ஸ்டாப் என்கிற ரேன்சம்வேர் வகை, அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ். கிராக் ஃபைல்கள் வழியாகவே பெரும்பாலும் பரவுவது அது. அந்தக் குறிப்பின் அடியில் பெர்சனல் ஐடி என்று நீளமாக ஒன்று இருக்கும். அது 'டி1' (t1) என்று முடிந்தால் ஆஃப்லைன் சாவியில், அதாவது நெட் இல்லாதபோது அந்த வைரஸ் பயன்படுத்தும் பொதுச் சாவியில் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் கருவியால் அதைத் திறக்க வாய்ப்பு உண்டு. வேறு மாதிரி முடிந்தால் கஷ்டம்தான், என்னுடையது அப்படித்தான் முடிந்தது. பூட்டின ஃபைல்களுக்கு எங்காவது சாவி இருக்கிறதா என்று பார்க்க 'நோ மோர் ரேன்சம்' தளம் இருக்கிறது. யூரோபோலும் டச்சுப் போலீசும் சேர்ந்து 2016இல் தொடங்கிய இலவசச் சேவை அது. இதையெல்லாம் பார்க்காமல் டேட்டா மீட்கும் கடைக்குக் காசு கட்டாதீர்கள். புகார் கொடுக்க 1930 என்ற எண்ணும், மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளமும் இருக்கின்றன.

சரி, கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து விண்டோஸ் போட்டாயிற்று. அடுத்து என்ன? மறுபடியும் "போட்டுத் தர்றேன் அக்கா" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வைரஸ் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அப்போதுதான் படித்தேன். ஒருமுறை காசு கொடுத்து வாங்கி முடித்துவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. 2012இல் வந்த போட்டோஷாப் சிஎஸ்6தான் அப்படி வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு. 2013இலிருந்து புதிய பதிப்புகள் எல்லாம் சந்தாவில்தான், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலையே வராது. அந்த மாதங்களிலும் சந்தாவைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

என்னை மாற்றியது ஒரு கண்ணீர் அஞ்சலி வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவர் தாத்தா இறந்துவிட்டார், காலையில் எடுப்பதற்குள் பேனர் வேண்டும். கையில் இருந்ததோ ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ மட்டும். என் கம்ப்யூட்டரோ மொட்டையாக நிற்கிறது. அண்ணன் மகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பை வாங்கி வந்து, அவள் சொன்னபடி பிரவுசரில் போட்டோபீ தளத்தைத் திறந்தேன். பார்த்ததும் நம்ப முடியவில்லை. போட்டோஷாப் மாதிரியே லேயர்கள், மாஸ்க், பென் டூல், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், என் கைக்குப் பழகின அதே ஷார்ட்கட்கள். எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை, அக்கவுன்ட் கேட்கவில்லை. பெரியவரைப் பென் டூலில் வெட்டி எடுத்து, அவர் தோளில் விழுந்திருந்த இன்னொருவர் கையை கன்டென்ட் அவேர் ஃபில்லிலும் குளோன் ஸ்டாம்ப்பிலும் அழித்து, விடியும் முன் ஃபைலைக் கொடுத்துவிட்டேன். தாத்தா முகம் நன்றாக வந்திருக்கிறது என்று அந்தத் தம்பி சொன்னபோதுதான், இந்தத் தொழிலை விடவேண்டியதில்லை என்ற தைரியமே எனக்கு வந்தது.

போட்டோபீயை 2013இல் உருவாக்கியவர் ஈவான் குட்ஸ்கிர், செக் நாட்டில் இருக்கிறார். விளம்பரத்தில் ஓடுகிறது. இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு முக்கியமான டூல் எதையும் மறைத்து வைப்பதில்லை, வலது பக்கம் ஒரு விளம்பரப் பட்டை மட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும். சின்ன லேப்டாப்பில் அது கொஞ்சம் தொந்தரவுதான். எனக்கு ரொம்பப் பிடித்தது, படங்கள் அவர்களுடைய சர்வருக்கே போவதில்லை என்பது. நம் பிரவுசருக்குள்ளேயே வேலை நடக்கிறது, பக்கம் முழுதாகத் திறந்த பிறகு நெட் விட்டுவிட்டு வந்தாலும் வேலை நிற்காது. ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. நீங்களாக பிஎஸ்டி ஆக உங்கள் கம்ப்யூட்டரில் சேமிக்காதவரை, அந்த வேலை வேறெங்கும் இல்லை. கரண்ட் போனால், டேப் மூடினால் போச்சு. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் பிறகு 'சேவ் ஆஸ் பிஎஸ்டி' கொடுங்கள். ஜேபிஜி மட்டும் இறக்கி வைத்துவிட்டு நிறுத்தினால், நாளைக்கு அந்த வீட்டில் பதினாறாம் நாள் பேனர் கேட்கும்போது முதலிலிருந்து வெட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து அளவு. இது தெரியாததால் ஆரம்பத்தில் பல மணி நேரம் பிரவுசர் உறைந்து போய் உட்கார்ந்திருந்தேன். ஃப்ளெக்ஸுக்கு 300 டிபிஐ (ஓர் இஞ்சுக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) வைக்காதீர்கள். ஆறுக்கு நாலு அடி பேனரை 72 டிபிஐயில் போட்டால் 5184க்கு 3456 பிக்சல், கிட்டத்தட்ட 1.8 கோடி பிக்சல், ஒரு லேயருக்கு 70 எம்பி மெமரி பிடிக்கும். அதையே 300 டிபிஐயில் போட்டால் 31 கோடி பிக்சல், ஒரே லேயர் 1.2 ஜிபியைத் தின்னும். நாலைந்து லேயர் போட்டால் எந்த லேப்டாப் தாங்கும்? பத்தடி அகலத்தை 300இல் வைத்தால் 36,000 பிக்சல் ஆகிவிடும். பிஎஸ்டி ஃபைலே ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல் தாங்காது. தெருமுனையில் நின்று பார்க்கிற பேனருக்கு 72 தாராளம். பத்திரிகை மட்டும் கையில் வைத்துப் படிப்பது, அதற்கு 300 கண்டிப்பாக வேண்டும். ஐந்துக்கு ஏழு இஞ்ச் பத்திரிகை 1500க்கு 2100 பிக்சல்தான், எந்தப் பழைய லேப்டாப்பும் தாங்கும். இன்னொன்று, வாடிக்கையாளர்கள் போட்டோவை வாட்ஸாப்பில் அப்படியே அனுப்பினால் அது சுருங்கி வரும். "டாக்குமென்ட்டா அனுப்புங்க தம்பி" என்று சொல்லிப் பழக்குங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

பின்னணியை ஒரே கிளிக்கில் எடுத்துத் தரும் தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிமூவ் டாட் பிஜி 2018 கடைசியில் வந்தது, முடி ஓரங்களைக்கூட அழகாக வெட்டும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது கால் மெகாபிக்சல் படம், அதாவது இரண்டரை லட்சம் பிக்சல். வாட்ஸாப் ஸ்டேட்டஸுக்குப் போதும், ஃப்ளெக்ஸில் போட்டால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதுவுமில்லாமல் இந்த மாதிரித் தளங்களில் போட்டோ அவர்கள் சர்வருக்குப் போகிறது. சில வீடுகளில் ஆதார் கார்டிலிருந்து முகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கார்டையே அனுப்புவார்கள். அதை எந்த ஆன்லைன் தளத்திலும் ஏற்றாதீர்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நரைத்த தலை என்றால் எந்தத் தானியங்கியும் தடுமாறும், பென் டூலும் ரிஃபைன் எட்ஜும்தான் கைகொடுக்கும். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

இப்போது தமிழ் எழுத்து. ஆங்கிலத்தில் பேசும் யூடியூப்காரர்கள் இதைச் சொல்லித்தரவே மாட்டார்கள், நான் அதிகம் தவித்தது இங்கேதான். என் ஃபைல்களில் சில, வாடிக்கையாளர்களின் வாட்ஸாப்பிலும் அச்சகத்தின் மெயிலிலும் கிடந்தன. அவற்றை வாங்கிப் போட்டோபீயில் திறந்தால், படங்கள் சரியாக வந்தன, பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். காரணம் எளிது. நாம் காலங்காலமாக பாமினி மாதிரி எழுத்துருக்களில் அடித்து வந்தோம். பழைய போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழ் (எந்த எழுத்துருவிலும் தமிழாகவே பதிவாகும் முறை) அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து போகும் என்பதால் வேறு வழியில்லை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழே இல்லை. இதற்கு உடனடி மருந்து, அந்த எழுத்துரு ஃபைலைப் போட்டோபீக்குள் இழுத்துப் போடுவது. அது ஏறியதும் பெயர்கள் திரும்பி வரும்.

நிரந்தரமான வழி யூனிகோடுக்கு மாறுவது. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் பாமினி வரிகளை நொடியில் யூனிகோட் ஆக்கும். ஆனால் மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் கண்ணால் படித்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அடித்திருந்த பட்டத்தையும் இனிஷியலையும் அந்தக் கன்வெர்ட்டர் தமிழ் என்று நினைத்து உளறலாக ஆக்கிவிடும். ஒரு பத்திரிகையில் பெண்ணின் படிப்பு அப்படி மாறி, புரூஃபில் அவள் அப்பாதான் கண்டுபிடித்தார். எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, அனெக் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கவிவனார் எல்லாம் இலவசம், தொழிலுக்குப் பயன்படுத்தவும் உரிமை உண்டு. தலைப்புக்குப் பலூ தம்பி, உள்ளே இருக்கிற பொடி எழுத்துக்கு முக்தா மலர், இது என் வழக்கம். எந்தக் கருவிக்குப் புதிதாகப் போனாலும் முதல் வேலையாக 'கொடுத்தேன், பௌர்ணமி, ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள். கொம்பு சரியான பக்கம் நின்றால் மேலே போகலாம். தப்பாக வந்தால் அந்தக் கருவியோடு சண்டை போடாதீர்கள். இங்க்ஸ்கேப் என்கிற இலவச மென்பொருளில் எழுத்தை மட்டும் அமைத்து, படமாக மாற்றிக் கொண்டு வந்து வைத்துவிடலாம்.

இங்க்ஸ்கேப், கிம்ப் இரண்டும் ஆன்லைன் கருவிகள் கிடையாது, இறக்கி இன்ஸ்டால் செய்ய வேண்டியவை. முழுக்க இலவசம், தமிழ் யூனிகோடை ஒழுங்காகக் காட்டுபவை. கோரல்டிராவில் நான் பார்த்த வேலையில் முக்கால்வாசி இப்போது இங்க்ஸ்கேப்பில் நடக்கிறது. அச்சகத்தில் "கர்வ் பண்ணி அனுப்புங்கக்கா" (எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி) என்று கேட்பார்களே, அது இதில் பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. கிம்ப் 1990களிலிருந்து இருக்கிறது, போட்டோஷாப் கைக்கு அதன் மெனு பழக வாரக்கணக்காகும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர் போட்ட பிறகும் அதைத் திருத்த முடிகிறது, அதற்கு முன் அது பெரிய குறை. இறக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. 2022இல் கிம்ப் என்று தேடியவர்களுக்கு கூகுள் விளம்பரத்திலேயே போலித் தளம் வந்தது, அதில் இறக்கியவர்களின் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு திருடும் வைரஸ் புகுந்தது. தேடல் முடிவின் மேலே வரும் விளம்பரங்களைத் தொடாமல், கிம்ப் டாட் ஓஆர்ஜி, இங்க்ஸ்கேப் டாட் ஓஆர்ஜி என்று முகவரியை நீங்களே அடித்துப் போங்கள்.

கேன்வா என்கிற ஆன்லைன் டிசைன் தளத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பிறந்தநாள் வாழ்த்து, கடைத் திறப்பு ஸ்டேட்டஸ் இதற்கெல்லாம் அதைவிட வேகமானது இல்லை, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இலவசக் கணக்கில் நம் எழுத்துருவை ஏற்ற முடியாது, பின்னணி இல்லாத படமாக இறக்க முடியாது, சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மை) பிடிஎஃப் கிடையாது. பத்திரிகைத் தொழிலுக்கு இந்த மூன்றும் வேண்டும்.

கடைசியாகக் கலர், இதில்தான் கையிலிருந்து காசு போனது. பிரவுசரில் நாம் பார்ப்பது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் மெஷின் சிஎம்ஒய்கே. திரையில் மயில்கழுத்துப் போல் மின்னின நீலம் தாளில் மங்கலாக வந்தது. அது போதாதென்று, பொடி எழுத்தில் போட்டிருந்த உறவினர் பெயர்கள் எல்லாம் நிழல் தட்டியது போல் இருந்தன. மறுபடி அடிக்க 2,800 ரூபாய் நான் போட்டேன். அச்சகத்து அண்ணன்தான் விளக்கினார். ஆர்ஜிபி கறுப்பை மெஷினுக்கு மாற்றும்போது அது நான்கு கலரும் கலந்த கறுப்பாகிவிடுகிறது. நான்கு பிளேட்டில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்து கலங்கும். "எழுத்து முழுக்க கே நூறு, மத்த மூணும் ஜீரோ, அப்படிக் கொண்டாங்கக்கா" என்றார். கே என்றால் கறுப்பு மை.

அன்றிலிருந்து பத்திரிகைக்கு என் முறை இதுதான். படத்தையும் பார்டரையும் போட்டோபீயில் முடித்து எழுத்தில்லாமல் இறக்குகிறேன். அதை ஸ்கிரைபஸ் என்கிற பக்கம் அமைக்கும் மென்பொருளில் வைத்து, எழுத்தை அங்கேயே யூனிகோடில் அடித்து, கறுப்பை கே 100 என்று நானே குறித்து, பிடிஎஃப் எடுக்கிறேன். ஸ்கிரைபஸும் இலவசம்தான். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலோ அதற்குப் பிந்தையதிலோ பாருங்கள், பழைய 1.4இல் தமிழ் எழுத்து உடையும். மங்கல மஞ்சளுக்கு மெஜந்தா 10, மஞ்சள் 100, மற்ற இரண்டும் ஜீரோ வைக்கிறேன், அதற்கு மேல் மெஜந்தா ஏறினால் ஆரஞ்சு அடிக்கிறது. நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் டிசைன்) விடுங்கள், வெட்டும்போது பார்டர் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியாது. அனுப்பும் முன் ஸ்கிரைபஸின் பிரின்ட் ப்ரிவியூவில் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் அணைத்துப் பாருங்கள். பெயர்கள் எல்லாம் கறுப்பில் மட்டும் அழுத்தமாக நின்றால் ஃபைலை அனுப்பலாம்.